எலும்புத் துளையில் தசைநாண் ஒட்டு இணைதல்

எலும்புத் துளையில் தசைநாண் ஒட்டு இணைதல் என்பது, அறுவைச் சிகிச்சையின்போது எலும்பில் துளையிட்டுச் செருகப்படும் தசைநாண், பின்வரும் மாதங்களில் அந்த எலும்போடு உயிருள்ள பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும் நிகழ்வாகும். முழங்காலின் முன் சிலுவைப் பிணைநார் அறுந்தவர்களுக்குச் செய்யப்படும் மறுசீரமைப்பு அறுவையை ஒட்டியே இது மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. அறுவை முடிந்த அன்று ஒட்டைப் பிடித்து வைத்திருப்பவை திருகு, பொத்தான் போன்ற கருவிகளே. அந்த வேலையை உடல் ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஒட்டு முதிர்ந்து பிணைநார்போல் மாற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். வலியும் வீக்கமும் இவற்றுக்கு வெகு முன்பே தணிந்துவிடுகின்றன. இதனால், கால் குணமாகிவிட்டது என்று நோயாளி நினைக்கும் காலமும் ஒட்டு மிகவும் வலுக்குறைந்திருக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

பெயர்கள்

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கற்றை தசைநாண் ஆகும். மருத்துவர்கள் இதை டெண்டன் என்பர். எலும்பை எலும்போடு இணைப்பது பிணைநார். இது லிகமென்ட் எனப்படும். இரண்டும் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனவை. தமிழ்ப் பேச்சுவழக்கில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று சொல்லும்போது அது பிணைநாரையும் குறிக்கலாம், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் பிறைக் குருத்தெலும்பையும் குறிக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சையும் குணமடையும் காலமும் வேறானவை. எனவே "ஜவ்வு அறுவை" செய்துகொண்ட இருவரின் அனுபவங்களை ஒப்பிடும்முன் எது கிழிந்தது என்று அறிந்துகொள்வது அவசியம்.

முன் சிலுவைப் பிணைநார், ஏ.சி.எல். என்ற சுருக்கப்பெயரால் பரவலாக அறியப்படுகிறது. சுமார் 3 செ.மீ. நீளமுள்ள இது, தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் மூட்டின் நடுவே சாய்வாக இணைக்கிறது. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதையும் முழங்கால் அளவுக்கு மீறித் திருகுவதையும் தடுப்பது இதன் பணி. ஓடிவரும்போது சட்டென்று திசை மாறுதல், குதித்துத் தவறாகத் தரையிறங்குதல், ஊன்றிய காலின் மேல் உடல் திரும்புதல் ஆகியவற்றின்போது இது அறுபடக்கூடும். கபடியில் பாடிச் செல்பவரின் கால் பிடிபட்ட நிலையில் உடல் மட்டும் கோட்டை நோக்கித் திரும்புவது இத்தகைய அசைவே. இருசக்கர வாகன விபத்துகளும் முக்கியக் காரணம்.

இயல்பான இணைவிடம்

நாணும் பிணைநாரும் வளையக்கூடியவை. எலும்பு அவற்றைவிடப் பன்மடங்கு விறைப்பானது. விறைப்பில் இவ்வளவு வேறுபடும் இரு பொருள்கள் நேரடியாகச் சந்தித்தால், இழுவிசை முழுவதும் சந்திக்கும் கோட்டில் குவிந்து அங்கேயே கிழிசல் தொடங்கும். உடல் இதற்குப் படிப்படியான மாற்றத்தைத் தீர்வாகக் கொண்டுள்ளது. முன் சிலுவைப் பிணைநார் எலும்பைச் சேரும் இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நான்கு அடுக்குகள் தெரியும்:

1. கொலாஜன் இழைகளாலான பிணைநார்
2. சுண்ணமேறாத நார்க்குருத்தெலும்பு
3. சுண்ணமேறிய நார்க்குருத்தெலும்பு
4. எலும்பு

இந்த மாற்றம் முழுவதும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் நிகழ்ந்துவிடுகிறது. மென்மையிலிருந்து கடினத்துக்கு விசை சிறிது சிறிதாகக் கைமாறுவதால் எந்த ஓர் இடத்திலும் அது குவிவதில்லை. இந்த அமைப்பு உடல் வளரும் பருவத்தில் உருவாவது. நார்க்குருத்தெலும்பு அடுக்குகளில் இரத்தக் குழாய்கள் இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் இந்த இணைவிடம் அழிந்துபோனால், அதே நான்கு அடுக்குகளும் முன்புபோல் மீண்டும் உருவாவதில்லை. அறுவைக்குப் பின் கிடைப்பது வேறு வகைப் பிணைப்பாகும்.

அறுவையில் செய்யப்படுவது

அறுந்த முன் சிலுவைப் பிணைநாரின் இரு முனைகளும் மூட்டுத் திரவத்தில் மிதப்பவை. வேறு இடங்களில் காயத்தின் இரு கரைகளையும் இணைக்கப் பாலமாக அமையும் இரத்த உறைவு இங்கே நிலைப்பதில்லை. அதனால் முழுவதும் அறுந்த இந்தப் பிணைநார் பெரும்பாலும் தானாகச் சரிவரச் சேர்வதில்லை. எலும்பு முறிவுக்குப் போடுவதுபோல் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதால் மட்டும் இது இணைந்துவிடும் என எதிர்பார்க்க இயலாது. எனினும் அறுந்த எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. மூட்டு நிலைதவறாத, திசைமாற்றும் விளையாட்டுகளில் ஈடுபடாத சிலர், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியின் துணையுடன் இயல்பாக வாழ்கின்றனர்.

பிற திசுவைக் கொண்டு முன் சிலுவைப் பிணைநாரை மறுசீரமைக்கும் எண்ணம் நூறாண்டு பழமையானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டில் உள்ள உறுதியான சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் இட்ட துளைகள் வழியே செலுத்தும் முறையை 1917-ல் வெளியிட்டார். இன்று இந்த அறுவை ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் மூட்டு உள்நோக்கிக் கருவியின் துணையுடன் சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுகிறது. எலும்பில் துளையிட்டு ஒட்டைச் செருகும் அடிப்படை அன்றுபோலவே தொடர்கிறது.

இந்தியாவில் பெரும்பாலும் நோயாளியின் சொந்த நாணே ஒட்டாகப் பயன்படுகிறது. தொடையின் பின்புறமிருந்து வரும் செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ் என்னும் இரு நாண்களை எடுத்து நான்காக மடித்தால், பொதுவாக 7 முதல் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒட்டு கிடைக்கும். எடுக்கப்பட்ட இடத்தில் பலருக்கு நாண் போன்ற திசு மீண்டும் வளர்கிறது. மருத்துவ இலக்கியத்தில் இதைப் பல்லி வால் நிகழ்வு என்று குறிப்பிடுவது உண்டு.

தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஒட்டின் பருமனுக்கு ஏற்பத் துளையிடப்படும். ஒட்டின் ஒரு முனை தொடை எலும்புத் துளையிலும் மறுமுனை கீழ்க்கால் எலும்புத் துளையிலும் இருக்க, இடைப்பகுதி மூட்டுக்குள் புதிய பிணைநாராக நிற்கும். துளைக்குள் ஒட்டை நெருக்கிப் பிடிக்கும் திருகோ, எலும்பின் வெளிப்புறத்தில் குறுக்காக நின்று நூல் வளையத்தால் ஒட்டைத் தொங்கவிடும் சிறு உலோகப் பொத்தானோ பொருத்தப்படும்.

வலிமையின் கணக்கு

ஒரு கிலோகிராம் எடையைத் தாங்க ஏறத்தாழ 10 நியூட்டன் விசை வேண்டும். இளம் வயதினரின் முன் சிலுவைப் பிணைநாரை எலும்புகளோடு சேர்த்து இழுத்துச் சோதித்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், அது அறுபடுவதற்குச் சராசரியாக 2160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. இவ்வாய்வு 1991-ல் வெளிவந்தது. நான்காக மடித்த தொடை நாண் ஒட்டு, ஆய்வகத்தில் 4000 நியூட்டனையும் தாண்டித் தாங்குகிறது. ஒட்டின் பொருள் இயல்பான பிணைநாரைவிட வலுவானது என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் அறுவை முடிந்த நாளில் அந்த ஒட்டு எலும்பில் எவ்வளவு உறுதியாகப் பிடிபட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி. திருகுகளும் பொத்தான்களும் ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலும் சில நூறு நியூட்டன் முதல் 1000 நியூட்டன் அளவிலான விசைகளில் விட்டுக்கொடுக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் சிறு இழுப்புகளாலும் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரலாம். மெதுவான நடைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட பயிற்சிகளுக்கும் இந்தப் பிடி போதும். விழுதலுக்கும் குதித்தலுக்கும் சட்டென்று திரும்புதலுக்கும் இது போதுமானதன்று. முதல் வாரங்களில் முழு அமைப்பின் வலுக்குறைந்த இடம், எலும்பில் ஒட்டு பிடிபட்டிருக்கும் இடமே.

எலும்பும் நாணும் இணையும் கட்டங்கள்

இணைப்பு உருவாகும் வரிசை பெரும்பாலும் விலங்கு ஆய்வுகள் வழியே அறியப்பட்டது. மனிதரில் மறு அறுவையின்போது எடுக்கப்பட்ட சில திசு மாதிரிகள் அதே போக்கைக் காட்டுகின்றன. கால அளவு ஆளுக்கு ஆள் மாறுபடும்.

அழற்சிக் கட்டம்: துளையிட்டதும் எலும்பிலிருந்து வழியும் இரத்தம் நாணுக்கும் துளையின் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி உறைகிறது. முதலில் நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்களும், அடுத்து மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்களும் வந்து சேர்கின்றன. இவை சிதைவுகளை அகற்றுவதோடு, வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும் வெளிவிடுகின்றன.

இடைத்திசு உருவாதல்: அடுத்த வாரங்களில் அந்த இடைவெளியில் புதிய இரத்தக் குழாய்களும் நார்ச்செல்களும் நிறைந்த இளந்திசு வளர்கிறது. இது நாணையும் எலும்பையும் ஒரு மென்படலம்போல் பிரித்தும் இணைத்தும் நிற்கிறது. இக்கட்டத்தில் பிணைப்பின் வலிமை மிகக் குறைவு.

எலும்பு உள்வளர்தல்: துளையின் சுவரிலிருந்து புதிய எலும்பு இந்த இடைத்திசுவுக்குள் வளரத் தொடங்குகிறது. ஒருபுறம் எலும்பைக் கரைக்கும் செல்களும் மறுபுறம் எலும்பைக் கட்டும் செல்களும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. இடைவெளி படிப்படியாகக் குறுகுகிறது.

கொலாஜன் நங்கூரம்: எலும்பிலிருந்து நாணுக்குள் ஊடுருவும் கொலாஜன் இழைகள் தோன்றுகின்றன. எலும்பை அதன் மேலுறையோடு கட்டும் இத்தகைய இழைகளை விவரித்த ஸ்காட்லாந்து உடற்கூற்றியலாளர் வில்லியம் ஷார்ப்பியின் பெயரால் இவை ஷார்ப்பி இழைகள் எனப்படுகின்றன. செடியின் வேர் மண்ணைப் பற்றுவதுபோல் இவை நாணை எலும்பில் பற்றச் செய்கின்றன. இவ்விழைகளின் எண்ணிக்கையும் ஒழுங்கும் கூடக்கூடப் பிணைப்பின் வலிமையும் கூடுகிறது.

இந்த வரிசையை வலிமையோடு தொடர்புபடுத்திக் காட்டிய முக்கிய ஆய்வு 1993-ல் வெளிவந்தது. நியூயார்க் அறுவை மருத்துவர் ஸ்காட் ரோடியோவும் அவரது குழுவினரும் 20 நாய்களின் கீழ்க்கால் எலும்பில் துளையிட்டு நாணைச் செருகி, 2, 4, 8, 12, 26 வாரங்களில் இழுத்துச் சோதித்தனர். 8-ஆம் வாரம் வரை சோதிக்கப்பட்ட எல்லாவற்றிலும் நாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12, 26 வாரங்களில் அவ்வாறு உருவவில்லை. வேறிடத்தில்தான் அமைப்பு விட்டுக்கொடுத்தது. 12-ஆம் வாரத்தை ஒட்டிப் பிணைப்பு, நாணின் வலிமைக்கு ஈடுகொடுக்கத் தொடங்கியதை இது காட்டியது. முழங்கால் அறுவைக்குப் பிந்தைய பயிற்சித் திட்டங்களில் மூன்று மாதம் என்ற எல்லை அடிக்கடி வருவதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம்.

இவ்வாறு அமையும் பிணைப்பு, முன்னர்க் கூறிய நான்கடுக்கு அமைப்பின் நகல் அன்று. வடுத்திசுவின் வழியே ஷார்ப்பி வகை இழைகளால் அமையும் மறைமுகப் பிணைப்பு இது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் பலருக்கு விளையாட்டுக்கும் இது போதுமானதாக அமைகிறது.

துளையின் வாயில் ஏற்படும் சிக்கல்

ஒட்டு துளைக்குள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இணைவதில்லை. முழங்கால் மடங்கி நீளும்போது ஒட்டு துளைக்குள் மிக நுண்ணிய அளவில் அசைகிறது. மூட்டை நோக்கிய துளை வாயில் இந்த அசைவு அதிகம், உட்பகுதியில் குறைவு. முயல்களில் ரோடியோ குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அசைவு மிகுந்த வாய்ப்பகுதியிலேயே இணைதல் மிகவும் மெதுவாக நிகழ்ந்தது. மூட்டுத் திரவம் துளைக்குள் கசிவதும் அங்கே எலும்பு வளர்வதைத் தடுக்கலாம்.

ஒட்டு நீளவாக்கில் ரப்பர் நாடாபோல் இழுபட்டு மீள்வதும், பக்கவாட்டில் மோட்டார் வாகனக் கண்ணாடியின் வைப்பர்போல் அசைவதும் துளையைப் பெரிதாக்கக்கூடும். துளை விரிதல் பலருக்கு எக்ஸ்ரே படத்தில் தெரிந்தாலும் மூட்டின் செயல்பாட்டைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. ஆனால் ஒட்டு மீண்டும் அறுந்து மறு அறுவை தேவைப்பட்டால், விரிந்த துளையை முதலில் எலும்புத் துகள்களால் நிரப்பிக் காத்திருக்க வேண்டிவரலாம்.

மூட்டுக்குள் இருக்கும் பகுதி

எலும்புக்குள் இணைப்பு உறுதியாகிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில், மூட்டுக்குள் இருக்கும் ஒட்டின் நடுப்பகுதி வேறொரு மாற்றத்துக்கு உள்ளாகிறது. இடம்பெயர்த்து வைக்கப்பட்ட நாணுக்கு அன்று இரத்த ஓட்டம் இல்லை. அதன் சொந்தச் செல்களில் பெரும்பாலானவை முதல் வாரங்களில் இறக்கின்றன. கொலாஜன் சட்டகம் மட்டும் எஞ்சி நிற்கிறது. சுற்றிலுமுள்ள மூட்டு உட்படலம் ஒட்டைப் போர்த்தி, அதிலிருந்து புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே நுழைகின்றன. நாய்களில் ஸ்டீவன் அர்னோஸ்கி 1982-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரத்த ஓட்டம் மீளும் வரிசையை விவரித்தது.

புதிதாக வந்த செல்கள் பழைய கொலாஜனைக் கரைத்துப் புதியதை இடுகின்றன. நாணாக இருந்தது மெல்ல மெல்லப் பிணைநாரின் தன்மைகளைப் பெறுகிறது. டேவிட் ஏமியெல் குழுவினர் 1986-ல் முயல்களில் இதைக் காட்டி, பிணைநாராதல் என்ற பொருள்தரும் பெயரை இதற்குச் சூட்டினர். முயல்களில் ஏறத்தாழ 30 வாரங்களில் நிகழ்ந்த இம்மாற்றம், மனிதரில் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையோ அதற்கு மேலும்கூடவோ நீள்கிறது.

பழையதைக் கரைப்பது முந்தியும் புதியதை ஒழுங்காக அடுக்குவது பிந்தியும் நடப்பதால், இடைப்பட்ட காலத்தில் ஒட்டின் வலிமை அறுவை நாளில் இருந்ததைவிடக் குறைந்துவிடுகிறது. விலங்குகளில் 6 முதல் 8 வாரங்களை ஒட்டி இச்சரிவு மிகுதியாகக் காணப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் அவற்றில் இயல்பான பிணைநாரின் முழு வலிமை திரும்பவில்லை. எனவே அறுவை நாளில் 4000 நியூட்டன் தாங்கிய நாண், மூன்றாம் மாதத்தில் அவ்வளவு தாங்கும் என்று கொள்ள முடியாது.

அறுவை முடிந்து இரண்டு, மூன்று மாதங்களில் நோயாளி ஊன்றுகோலின்றி நடக்கிறார், படியேறுகிறார், வலியும் பெரும்பாலும் இருப்பதில்லை. எலும்புக்குள் இணைப்பு அப்போதுதான் முதல் உறுதியை எட்டுகிறது. மூட்டுக்குள் ஒட்டு இன்னும் வலுக்குறைந்தே உள்ளது. ஒட்டில் தொடக்கத்தில் நரம்பிழைகளின் செயல்பாடு இல்லாததால், அது நீண்டாலும் வலி எச்சரிக்கை செய்யும் என்று நம்ப இயலாது.

ஒட்டின் வகையால் வரும் வேறுபாடு

முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள பட்டெல்லா நாணின் நடுப்பகுதியை, இருமுனைகளிலும் சிறு எலும்புத் துண்டுகளோடு சேர்த்து எடுப்பது மற்றொரு முறை. இங்கே துளைக்குள் எலும்போடு எலும்பு சேர்கிறது. எலும்பு முறிவு கூடுவதைப் போன்ற இந்த இணைப்பு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் அமைந்துவிடும். மென்திசு ஒட்டு இணைய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். ஆனால் பட்டெல்லா நாண் ஒட்டுக்குப் பின் முழங்காலின் முன்புறத்தில், குறிப்பாக மண்டியிடும்போது, வலி ஏற்படும் வாய்ப்பு அதிகம். தரையில் அமர்வதும் மண்டியிட்டு வழிபடுவதும் வேலை செய்வதும் வழக்கமான குடும்பங்களில் இது கவனிக்க வேண்டிய செய்தி. எந்த ஒட்டாக இருந்தாலும் மூட்டுக்குள் இருக்கும் பகுதி பிணைநாராக மாறும் காலம் பெரிதாகக் குறைவதில்லை.

இணைதலைப் பாதிப்பவை

ஒட்டின் பருமனுக்கும் துளையின் விட்டத்துக்கும் இடையே இடைவெளி குறைவாக இருப்பதும், துளைகள் உரிய இடத்தில் அமைவதும் அறுவை மருத்துவரின் கையில் உள்ளவை. துளை தவறான இடத்தில் அமைந்தால் ஒவ்வொரு மடக்கலிலும் ஒட்டு அளவுக்கு மீறி இழுபடும்.

புகைபிடித்தல் திசுக்களுக்குச் செல்லும் இரத்தத்தையும் ஆக்சிஜனையும் குறைத்து இணைதலைத் தாமதப்படுத்துகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, நோய்த்தொற்று ஆபத்தைக் கூட்டுவதோடு கொலாஜன் உருவாக்கத்தையும் கெடுக்கிறது. சில வலிநிவாரணி மாத்திரைகள் நாண், எலும்பு இணைப்பைத் தாமதப்படுத்துவதாக எலிகளில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே அவற்றை மருத்துவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அசைவு எவ்வளவு வேண்டும் என்பது நுட்பமான கேள்வி. எலிகளில் செய்யப்பட்டு 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், உடனடியாகச் சுமை ஏற்றப்பட்டவற்றையும் நீண்ட காலம் அசையாமல் வைக்கப்பட்டவற்றையும்விட, சில நாட்கள் ஓய்வுக்குப் பின் அளவோடு சுமை ஏற்றப்பட்டவற்றில் இணைப்பு வலுவாக அமைந்தது. முழு ஓய்வும் தீங்கு, அவசரமும் தீங்கு என்ற இந்த முடிவோடு இன்றைய இயன்முறை மருத்துவமும் ஒத்துப்போகிறது. முதலில் காலை முழுமையாக நீட்டும் திறனும் தொடையின் முன்தசையை இயக்கும் திறனும் மீட்கப்படுகின்றன. பின்னர் சுமையும் வேகமும் படிப்படியாகக் கூட்டப்படுகின்றன.

பொத்தேரியும் சென்னையின் தென்புறநகரும்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையையும் சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு புறநகர் இரயில் தடத்தையும் ஒட்டி அமைந்துள்ளது பொத்தேரி. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகமும் அதன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இங்கே உள்ளன. எலும்பியல் துறையும் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இணைதலின் முதல் நாளை அறுவை அரங்கும், அடுத்த பல மாதங்களைப் பயிற்சிக் கூடமும் தீர்மானிப்பதால், இவ்விரண்டும் அருகருகே இருப்பது பயனுள்ளது.

இப்பகுதியின் மக்கள்தொகையில் முழங்கால் பிணைநார்க் காயத்துக்கு ஆட்படக்கூடிய பிரிவினர் மிகுதி. விடுதிகளில் தங்கிப் படிக்கும் இளைஞர்கள், கல்லூரித் திடலில் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடுபவர்கள், சுற்றுவட்டக் கிராமங்களின் கபடி அணியினர், நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்வோர் ஆகியோர் இதில் அடங்குவர். இவர்களுடைய அன்றாட நெருக்கடிகளும் குணமடைதலைப் பாதிக்கின்றன. செமஸ்டர் தேர்வு, வேலையில் விடுப்பின்மை, இரயில் நிலைய மேம்பாலப் படிகள், கூட்டம் மிகுந்த பேருந்தில் நின்று பயணித்தல், சொந்த ஊருக்குத் திரும்பியபின் இயன்முறைப் பயிற்சியைத் தொடர இயலாமை ஆகியவை அத்தகையவை. வாகனத்தை உதைத்துக் கிளப்புவது, நிற்கும்போது வண்டியின் எடையைக் காலால் தாங்குவது, இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவது, தரையில் சம்மணமிடுவது ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்று சிகிச்சை அளித்த மருத்துவரிடம் தனித்தனியே கேட்டறிவது நல்லது. வெளிநாட்டுக் கையேடுகளில் இவற்றுக்கு விடை பெரும்பாலும் இருப்பதில்லை.

விளையாட்டுக்குத் திரும்புதல்

நார்வேயையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அறுவைக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்கால் மறுகாய வீதம் 51 விழுக்காடு குறைந்தது என்று அது தெரிவித்தது. அதே ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அதே காலிலோ மற்றக் காலிலோ, இரண்டாவது முறை இந்தப் பிணைநார் அறுந்தது.

நாட்காட்டி மட்டும் போதாது. இரு கால்களின் தசை வலிமையை ஒப்பிடுதல், ஒற்றைக் காலால் தாவும் தூரத்தை அளத்தல், தரையிறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்கிறதா எனப் பார்த்தல் ஆகிய சோதனைகளும் செய்யப்படுகின்றன. அறுவை செய்த காலின் அளவுகள் மற்றக் காலின் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை.

இந்திய விளையாட்டு வீரர்களின் கால அட்டவணைகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2022 டிசம்பர் 30 அன்று சாலை விபத்தில் முழங்கால் பிணைநார்கள் பாதிக்கப்பட்ட கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், 2023 ஜனவரியில் அறுவை செய்துகொண்டு, 2024 மார்ச்சில் ஐ.பி.எல். ஆட்டங்களுக்குத் திரும்பினார். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 2023 ஆகஸ்டில் இடது முழங்காலில் அறுவை செய்துகொண்டு, 2024 ஏப்ரலில் பிஷ்கெக்கில் நடந்த போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்றார். காயத்தின் தன்மை, விளையாட்டின் தேவை, கிடைக்கும் பயிற்சி உதவி ஆகியவற்றைப் பொறுத்து இக்காலம் மாறும். முதல்நிலை வீரர்களுக்கு அமையும் அன்றாடக் கண்காணிப்பு இல்லாத ஒரு கல்லூரி மாணவர், அவர்களில் விரைவாகத் திரும்பியவரின் கணக்கைத் தமக்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்தானது.

பிற அறுவைகளில்

நாண் எலும்போடு இணைய வேண்டிய தேவை வேறு பல அறுவைகளிலும் எழுகிறது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள சுழல்தசை நாண்கள் கிழிந்தால், அவை துளைக்குள் செருகப்படாமல் எலும்பின் மேற்பரப்பில் நங்கூரத் திருகுகளால் தைக்கப்படுகின்றன. அங்கும் இயல்பான நான்கடுக்கு இணைவிடம் மீளாமல் வடுத்திசுவே உருவாகிறது. முதியவர்களிலும் பெரிய கிழிசல்களிலும் மீண்டும் கிழிவது அடிக்கடி காணப்படுகிறது. கை விரலின் நுனி எலும்பிலிருந்து பிய்ந்த மடக்கு நாணை மீண்டும் பொருத்தும்போதும் இதே உயிரியல் விதிகள் பொருந்துகின்றன.

தொடரும் ஆய்வுகள்

எலும்பு உருவாக்கத்தைத் தூண்டும் புரதங்கள், குருத்துச் செல்கள், சுண்ண உப்புப் பூச்சுகள் ஆகியவை விலங்குகளில் இணைதலை விரைவுபடுத்தியுள்ளன. எலிகளில் தொடக்க நாட்களில் மேக்ரோபேஜ்களைக் குறைத்தபோது வடுத்திசு குறைந்து பிணைப்பு வலுவடைந்ததாக 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குணமடையத் தேவையான அழற்சியே அளவு மீறினால் வடுவுக்கும் காரணமாகிறது என்பதை இது உணர்த்துகிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணு செறிந்த நீர்மம், பி.ஆர்.பி. என்ற பெயரில் பல இடங்களில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. முன் சிலுவைப் பிணைநார் மறுசீரமைப்பில் அதனால் விளையும் பயன்பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இணைதலுக்குத் தேவைப்படும் மாதங்களைக் குறைக்கும் எந்த மருந்தும் இன்றுவரை வழக்கமான சிகிச்சையில் இடம்பெறவில்லை. சரியான இடத்தில் அமைந்த துளை, உறுதியான பிடி, படிப்படியான பயிற்சி, போதிய காலம் ஆகியவையே இன்று நம்பத்தக்க வழிகளாக உள்ளன.